இரேனியுஸ் ஐயர்: அறநோக்கும் சமயநோக்கும் உருவாக்கிய ஊர்கள்



குடியேற்றங்கள் ஏன் அமைக்கப்பட்டன என்ற வினாவுக்கு நீங்கள் வழக்கமாக எழுதும் விடை என்ன? வர்த்தக இலாபம், மூலப்பொருள், படைபலம், புதிய சந்தை என்பனவே அவை. இவை சரியான விடைகளே. ஆனால் சில குடியேற்றங்களுக்கு வேறு காரணங்களும் கூறப்பட்டன. ஏழைகளுக்கு வாழ வழிகாட்டுதல் ஒன்று. சமயத்தின் பொருட்டுத் துன்புற்றவர்களுக்குப் புகலிடம் அளித்தல் மற்றொன்று. அமெரிக்க சுதந்திரப் போராட்டம் பற்றிய பாடத்தில் நீங்கள் படிக்கும் 13 குடியேற்றங்களுள் இறுதியாக அமைந்த ஜோர்ஜியா இவ்வாறு தோன்றிய ஒன்றாகும்.

இதைப் போன்ற ஒரு முயற்சி தமிழ் மண்ணிலும் நடைபெற்றது. கடல் கடந்த நாடொன்றில் அல்ல, திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளுக்கு நடுவே அது நடைபெற்றது. அம்முயற்சிக்கு முன்னின்றவர் சார்ள்ஸ் தியோபிலஸ் இவால்ட் இரேனியுஸ். தமிழ் மக்கள் அவரை இரேனியுஸ் ஐயர் என்று அழைத்தனர். திருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்றும் அவர் போற்றப்படுகிறார். அவரது வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு வினாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தான் குடியிருக்கும் நிலம் தனக்குச் சொந்தமில்லாத ஒருவன் தன் மனச்சாட்சிப்படி வாழ முடியுமா?

பிறப்பும் இளமையும்

இரேனியுஸ் 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி மேற்குப் புருசியாவில் உள்ள கிரவுடென்ஸ் கோட்டையில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் புருசியப் படையில் அதிகாரியாக இருந்தவர். இரேனியுஸ் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். எனவே உறவினரின் ஆதரவிலேயே அவர் வளர்ந்தார். இளமையில் மொரேவியத் திருச்சபையினரின் தூதுப்பணி பற்றிய நூல்களை வாசித்த அவருக்குத் தாமும் அப்பணியில் ஈடுபட வேண்டும் என்ற விருப்பம் உண்டாயிற்று. பேர்லினில் யெனிக்கே போதகர் நடத்திய தூதுப்பணிக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1812இல் லூதரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்துக்கு (சீ.எம்.எஸ்.) இந்தியா செல்ல விரும்பும் ஆங்கிலக் குருமார் போதியளவு கிடைக்கவில்லை. ஆகவே அது ஜேர்மன் இளைஞர்களைத் தெரிவு செய்தது. இரேனியுஸ் இங்கிலாந்தில் சில காலம் தங்கி ஆயத்தம் செய்தபின், ஷ்நாரே என்பவருடன் 1814 பெப்ரவரியில் கப்பலேறினார். அவ்வாண்டு ஜூலை மாதம் இருவரும் சென்னையை அடைந்தனர். இந்தியாவுக்கு அச்சங்கம் அனுப்பிய முதல் மிஷனரிகள் இவர்களே. ஜேர்மன் லூதரன் ஒருவர் ஆங்கிலச் சங்கமொன்றின் ஊழியராக வந்தார் என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள். பின்னர் தோன்றிய பெரும் பிணக்குக்கு இதுவே வித்தாகும்.

வந்த பின்னர் சில மாதங்கள் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றார். 1706இல் சீகன்பால்க் ஐயர் வந்திறங்கிய இடம் அதுவே. 1815 முதல் சென்னையில் பணியாற்றினார். 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு மாற்றம் பெற்றார். அங்கே படைப்பிரிவின் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் என்பவர் ஏற்கெனவே பாடசாலைகளை ஆரம்பித்திருந்தார். அப்பணியைத் தொடர்வதற்காகவே இரேனியுஸ் அழைக்கப்பட்டார். ஷ்மிட் என்னும் மற்றொரு ஜேர்மன் குருவும் அவருடன் இணைந்தார்.

திருநெல்வேலியின் அன்றைய நிலை

பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிவுற்றபின் திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பனியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தெற்குப் பகுதியின் செம்மண் தேரிகளில் பனையே மக்களின் வாழ்வாதாரம். பனையேறுவோர் விடியுமுன் மரமேறிப் பதநீர் இறக்குவர். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர். ஆனால் பல இடங்களில் மரமும் நிலமும் மற்றவருக்கே சொந்தம். குடிசை நின்ற மண் கூட நிலவுடைமையாளருடையது. வரி, கடன், கூலியில்லா ஊழியம் ஆகிய மூன்றும் ஏழைகளை வாட்டின.

இத்தகைய மக்களுள் சிலர் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது சிக்கல் தோன்றியது. ஊர்த் திருவிழாவின்போது தேர் இழுத்தல் போன்ற வேலைகள் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியங்களாக இருந்தன. ஓய்வு நாளில் வேலை செய்ய மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். சிலர் பொய்வழக்குகளில் சிக்க வைக்கப்பட்டனர். சிலரது வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தை விட்டு வெளியேறு என்ற கட்டளையே நிலவுடைமையாளரின் வலிய ஆயுதமாக இருந்தது. போக இடமில்லாதவன் பணிந்தே தீரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்குத் தீர்வாகத் தனி ஊர் அமைக்கும் வழக்கம் இரேனியுஸுக்கு முன்னரே அங்கு தொடங்கிவிட்டது. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழ் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் நிலம் வாங்கி ஓர் ஊர் அமைக்கப்பட்டது. முதலில் அமைந்த ஊர் என்பதால் அது முதலூர் எனப் பெயர் பெற்றது. இவ்வகை ஊர்களின் தொடக்கம் ஒரு தமிழரின் முயற்சி என்பதை மறவாதீர்கள்.

டோனாவூரும் தர்ம சங்கமும்

இரேனியுஸ் இந்த வழிமுறையை விரிவுபடுத்தினார். பாடசாலைகள், கிராமச் சந்திப்புகள், உபதேசிமார் பயிற்சி ஆகியவற்றின் ஊடாக 1823ஆம் ஆண்டளவில் சாத்தான்குளம் முதலிய இடங்களில் பல குடும்பங்கள் அவரிடம் போதனை பெற வந்தன. வந்தவர்களுக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்காமல் நீண்ட காலம் கற்பித்த பின்னரே கொடுத்தார். வழக்கில் உதவி பெறுவதற்காகவும் வரிச்சுமைக்குப் பயந்தும் சிலர் வரக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

புருசியாவைச் சேர்ந்த டோனா பிரபு என்பவர் அனுப்பிய நன்கொடையைக் கொண்டு 1827இல் நிலம் வாங்கப்பட்டது. அங்கே அமைந்த ஊருக்கு அவர் பெயரால் டோனாவூர் எனப் பெயரிடப்பட்டது. பிற்காலத்தில் எமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்ததும் இவ்வூரிலேயே ஆகும்.

பிரபு ஒருவரின் நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் பணி நீடிக்காது. எனவே 1830இல் தர்ம சங்கம் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. உபதேசிமாரும் ஊர்க் கிறிஸ்தவர்களும் தம்மால் இயன்ற பணத்தை இதற்கு வழங்கினர். பனையேறும் குடும்பத்தினரும் தம் சிறு வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தனர். இப்பணத்தைக் கொண்டு நிலம் வாங்குதல், வீடும் பாடசாலையும் கட்ட உதவுதல், வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றுதல் என்பன சங்கத்தின் வேலைகள்.

இச்சங்கத்தின் நோக்கங்களை நீங்கள் இரண்டாக வகுத்து எழுதலாம்.

முதலாவது அறநோக்கு. குடியிருக்க நிலமற்றவருக்கு நிலம், அச்சமின்றி உறங்க ஒரு கூரை, பிள்ளைகளுக்குப் பாடசாலை.

இரண்டாவது சமயநோக்கு. புதிதாகச் சேர்ந்தவர்கள் துன்பத்துக்கு அஞ்சிப் பின்வாங்காமல் ஒரே சமூகமாக வாழ்ந்து வழிபடுதல்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. கோயிலும் பாடசாலையும் கிணறும் ஒரே நிலத்தில் அமைந்தன. நிலத்தின் பயனைப் பெற்றவர் ஊரின் சமய ஒழுங்குகளுக்கும் உட்பட வேண்டியிருந்தது.

ஜோர்ஜியாவுடன் ஓர் ஒப்பீடு

இங்கே ஜோர்ஜியாவை நினைவுபடுத்திக்கொள்வோம். ஜேம்ஸ் ஒகில்தோர்ப் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் 1729இல் இலண்டன் சிறைச்சாலைகளைப் பரிசீலித்தார். கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதவர்கள் அங்கே அடைபட்டு மடிவதைக் கண்டார். இத்தகைய ஏழைகளுக்குப் புதிய நிலத்தில் வாழ்வளிக்கலாம் என அவரும் நண்பர்களும் எண்ணினர். 1732இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் பட்டயம் வழங்கினார். 1733இல் சவானா நகரம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கிலிருந்து சமயத்துக்காக விரட்டப்பட்ட புரட்டஸ்தாந்து மக்கள் அங்கு வந்து எபனேசர் என்னும் ஊரை அமைத்தனர்.

இதற்கும் தமிழ் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. எபனேசர் மக்களுடன் சென்ற போதகர்கள் ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தவர்கள். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்க் முதலானோரைத் தந்ததும் அதே ஹாலே நகரமே. இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் தரங்கம்பாடிக்கும் உதவியது, சால்ஸ்பேர்க் மக்களுக்கும் உதவியது. ஆகவே அமெரிக்கக் காடும் தமிழகக் கடற்கரையும் ஒரே நன்கொடையாளர் வட்டத்தின் இரு பணித்தளங்களாக இருந்தன எனலாம். இரேனியுஸும் அதே ஜேர்மன் பக்தி மரபில் வந்தவரே.

ஆனால் வேறுபாடுகளையும் நோக்குங்கள். ஜோர்ஜியாவின் நோக்கம் அறம் மட்டுமன்று. தெற்கே புளோரிடாவில் இருந்த ஸ்பானியரைத் தடுக்கும் அரணாகவும் அது கருதப்பட்டது. சமயச் சுதந்திரம் அளித்த பட்டயம் கத்தோலிக்கருக்கு அதனை மறுத்தது. குடியேறியவருக்கு 50 ஏக்கர் கிடைத்தாலும் அதை விற்க அனுமதியில்லை. மகளுக்கு அது உரிமையாகச் செல்லவும் இல்லை. சட்டங்கள் யாவும் இலண்டனில் இருந்த அறங்காவலர்களால் இயற்றப்பட்டன. 1735இல் அவர்கள் அடிமை முறையைத் தடை செய்தமை பெருமைக்குரியது. ஆயினும் குடியேறியோர் பலர் அத்தடையை எதிர்த்தனர். 1751 முதல் அடிமை முறை அனுமதிக்கப்பட்டது. 1752இல் அறங்காவலர்கள் பட்டயத்தை மன்னரிடம் ஒப்படைத்தனர். சிறு விவசாயிகளின் நாடாக எண்ணப்பட்ட இடத்தில், அடிமைகள் நெல் பயிரிட்ட பெருந்தோட்டங்கள் எழுந்தன. அந்நிலம் கிறீக் முதலிய பூர்வீக மக்களின் நிலம் என்பதையும் மறத்தலாகாது.

திருநெல்வேலி ஊர்கள் அளவிற் சிறியவை. அங்கே நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. குடியேறியவர்கள் கடல் கடந்து வந்த அந்நியர் அல்லர், அம்மண்ணிலேயே பிறந்தவர்கள். நிதியின் ஒரு பகுதி அவர்களது உழைப்பிலிருந்தே வந்தது. தூரத்திலிருந்து அளிக்கப்பட்ட தருமத்தைவிட, பயன்பெறுவோரும் பங்குகொண்ட தருமம் ஆழமாக வேரூன்றியது என்பதே இவ்வொப்பீடு தரும் பாடமாகும்.

கல்விப்பணியும் தமிழ்ப்பணியும்

இரேனியுஸ் சென்ற இடமெல்லாம் பாடசாலை எழுந்தது. அவரது காலத்தின் இறுதியில் அவரது பொறுப்பில் 100க்கு மேற்பட்ட பாடசாலைகள் இயங்கின. பெண்பிள்ளைகளும் கற்பிக்கப்பட்டனர். பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. உபதேசிமாரைப் பயிற்றும் விடுதிப் பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இதனால் சில பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழை அவர் முறையாகக் கற்றார். திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவர் அவருக்கு ஆசிரியராக இருந்தார். முன்னைய மொழிபெயர்ப்புகள் மக்களுக்கு விளங்கக் கடினமாக இருந்தமையால் புதிய ஏற்பாட்டை எளிய நடையில் திருத்தி எழுதினார். அது 1833இல் வெளிவந்தது. 1832இல் பூமி சாஸ்திரம் என்னும் புவியியல் நூலை வெளியிட்டார். தமிழில் எழுந்த முதல் அறிவியற் பாடநூல்களுள் அது ஒன்றாகும். நீங்கள் இன்று தமிழ் மொழிமூலம் புவியியலும் விஞ்ஞானமும் கற்பதற்கு இத்தகைய நூல்களே முன்னோடி. ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கண நூல் ஒன்றும் எழுதினார்.

பிணக்கும் இறுதிக் காலமும்

திருச்சபை வளர வளரத் தமிழ்க் குருமார் தேவைப்பட்டனர். அவர்களுக்கு யார் குருப்பட்டம் கொடுப்பது? லூதரன் முறைப்படி குருமாரே கொடுக்கலாம் என்பது இரேனியுஸின் நிலைப்பாடு. ஆங்கிலிக்கன் பேராயரே கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. இந்நிலையில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சில நடைமுறைகளைக் கண்டித்து அவர் எழுதிய மதிப்புரை ஒன்றும் வெளிவந்தது. 1835இல் சங்கம் அவரை நீக்கியது.

அவர் பாளையங்கோட்டையை விட்டு வெளியேறினார். ஆனால் உபதேசிமார் பலர் அவரைத் திரும்பி வரும்படி வேண்டினர். சில மாதங்களில் அவர் திரும்பி வந்து தனியாகப் பணியைத் தொடர்ந்தார். இதனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்த சபை இரண்டாகப் பிளந்தது. உறவினரும் அயலவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். துன்பத்திலிருந்து மக்களைக் காக்க அமைந்த ஊர்களுக்குள்ளேயே பிரிவினை புகுந்தது. அவர் திரும்பி வந்தது சரியா என்பது அன்றும் இன்றும் கருத்து வேறுபாட்டுக்குரியதாகும்.

1838 ஜூன் 5ஆம் திகதி தமது 47ஆவது வயதில் இரேனியுஸ் காலமானார். பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது மறைவின்பின் அவருடைய துணைக்குருமார் மீண்டும் சங்கத்துடன் இணைந்தனர். பிளவு ஆறியது. ஊர்களும் பாடசாலைகளும் நிலைத்தன.

ஊவாவில் வாழும் எமக்கு இது ஏன் முக்கியம்?

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை தோட்டங்களில் கல்வி கற்கும் உங்களுக்கு இவ்வரலாறு தூரமானதன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளருள் திருநெல்வேலிச் சீமையினரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளர் மத்தியில் சீ.எம்.எஸ். சங்கம் 1854இல் தனியான பணி ஒன்றை ஆரம்பித்தபோது, உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்தே வந்தனர். இரேனியுஸ் காலத்தில் வேரூன்றிய சபைகளே அவர்களை அனுப்பின. அப்பணி அன்று தமிழ்க் கூலி மிஷன் என அழைக்கப்பட்டது. அப்பெயரிலுள்ள கூலி என்ற சொல் எம்மக்களை இழிவுபடுத்துவதால் இன்று நாம் அதைப் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு தொடர்பு இதைவிட ஆழமானது. லயக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை குடியிருப்பும் இருக்கும் என்ற நிலை தலைமுறைகளாக நீடித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் போதாது, போய்க் குடியிருக்க மாற்றுக் காணியும் வேண்டும் என்பதை அந்நாள் எமக்கு உணர்த்தியது. பனங்காட்டுக் குடும்பங்களுக்கு 1830இல் தேவைப்பட்டதும் அதுவே. ஒரு துண்டு நிலம் ஒருவருக்குத் துணிவைத் தருகிறது.

மதிப்பீடு

பரீட்சையில் ஒருவரை மதிப்பிடும்படி கேட்டால் புகழுரை மட்டும் எழுதாதீர்கள். இரேனியுஸின் சிறப்புகளாக நிலமற்றோருக்கு ஊர் அமைத்தமை, பெண்கல்வி, சாதி வேறுபாட்டை எதிர்த்தமை, எளிய தமிழ் நடை, உள்ளூர் மக்களைப் பங்காளராக்கியமை என்பவற்றைக் கூறலாம். குறைகளாக உதவியும் மதமாற்றமும் ஒன்றோடொன்று கலந்திருந்தமை, தனி ஊர்கள் அயலவருடன் இருந்த இடைவெளியை அதிகரித்தமை, அவரது பிணக்கினால் சபை பிளவுபட்டமை என்பவற்றைக் கூறலாம். இவ்விரண்டையும் எடைபோட்டு உங்கள் முடிவைக் காரணத்துடன் எழுதுங்கள். சமநிலையான விடைக்கே கூடிய புள்ளிகள் கிடைக்கும்.

மீட்டற் குறிப்புகள்

1790 – பிறப்பு
1814 – சென்னை வருகை
1820 – பாளையங்கோட்டையில் பணி ஆரம்பம்
1827 – டோனாவூர் அமைத்தல்
1830 – தர்ம சங்கம்
1832 – பூமி சாஸ்திரம்
1833 – புதிய ஏற்பாட்டுத் திருத்தம்
1835 – சங்கத்திலிருந்து நீக்கம்
1838 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. முதலூர் என்ற பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
2. தர்ம சங்கத்தின் அறநோக்கு ஒன்றையும் சமயநோக்கு ஒன்றையும் எழுதுக.
3. ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்கும் திருநெல்வேலி ஊர்களுக்கும் இடையிலான ஒற்றுமைகள் இரண்டையும் வேற்றுமைகள் இரண்டையும் விளக்குக.
4. இரேனியுஸ் 1835இல் திரும்பி வந்தமை பற்றிய உமது கருத்தைக் காரணங்களுடன் தருக.
5. குடியிருக்கும் காணிக்கு உரிமை பெறுவது ஒரு சமூகத்தின் முன்னேற்றத்துக்கு எவ்வாறு உதவும்? நீர் வாழும் பிரதேசத்திலிருந்து உதாரணம் காட்டி எழுதுக.